புள்ளி பார்த்துக் குறித்த முகூர்த்தம்

என் கொழுந்தனார் ஐயாவு சூரியனை முறைத்துப் பார்க்கிற மனிதர். அவருடைய ஒரே மகள் செவ்வந்தி, கும்பகோணத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படி இருந்தார்கள் என்று கேட்டால், தினமும் சண்டை போட்டுக்கொண்டு இருந்தார்கள் என்பதுதான் பதில்.

ஐயாவுவுக்கு முன்பெல்லாம் இந்தப் பழக்கம் கிடையாது. குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊர். காவிரியிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்காலில் அவருக்கு லஸ்கர் வேலை. அதாவது, மதகைத் திறப்பதும் மூடுவதும். வேலை என்னவோ மதகோடுதான். பதில் சொல்வது மட்டும் ஊரோடு. காலையில் பல் துலக்க வெளியே வந்தால் ஒருவர், டீக்கடையில் ஒருவர், சாவு வீட்டில் பாடையைத் தூக்கும்போது ஒருவர் கேட்பார்கள்.

"லஸ்கரே, தண்ணி எப்ப வரும்?"

"மேலேர்ந்து உத்தரவு வரணுங்க."

"எப்ப வரும் உத்தரவு?"

"அது தெரியாதுங்க."

"அப்ப ஒனக்கு என்னதான்யா தெரியும்?"

இப்படியே ஒரு ஆயுசு போயிற்று. யாராக இருந்தாலும் மனசில் ஒரு குறை விழத்தானே செய்யும்? ஓய்வு பெற்ற பிறகு, வாழ்நாள் முழுக்க மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்த மனிதர், எல்லாருக்கும் மேலே இருக்கிற இடத்தையே நேராகப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

அது ஒரு சித்திரை மாதம். சூரியனில் பெரிய கறுப்புப் புள்ளி வந்திருக்கிறது, அதனால் வெளிநாட்டில் எங்கோ ராத்திரி வானமே ரோஸ் கலரில் தெரிந்தது என்று டிவியில் காட்டினார்கள். நாங்கள் எல்லாரும் பார்த்துவிட்டு அடுத்து சீரியலுக்குப் போய்விட்டோம். ஐயாவு போகவில்லை. மறுநாள் மெயின் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற வைரக்கண்ணுவிடம் போய், அவனிடம் இருந்ததிலேயே ரொம்பக் கறுப்பான கண்ணாடியை வாங்கி வந்தார். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் கத்தினார்.

"அண்ணி! இருக்கு அண்ணி! தோசையில மொளகு ஒட்டுன மாதிரி இருக்கு!"

நானும் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த செவ்வந்திக்கு விஷயம் தெரிந்ததும் வீடு ரெண்டுபட்டது.

"அப்பா, வெல்டிங் கண்ணாடியெல்லாம் சூரியனுக்குப் பத்தாது. கண்ணுக்குள்ள இருக்குற திரை வெந்து போயிடும். எங்க ஆஸ்பத்திரிக்கு இப்படிப் பாத்துட்டுத்தான் வந்து நிக்கிறாங்க."

"எனக்கு ஒண்ணும் ஆவலையே. நீ இப்ப மூக்கைச் சுருக்கிட்டு நிக்கிறது வரைக்கும் தெரியுது."

அந்த வருஷம் ஆடியில் மேட்டூர் நிரம்பியது. போதாதா? "புள்ளியைப் பாத்ததும் நான் சொன்னனா இல்லையா?" என்று டீக்கடையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் அணை நிரம்பிய சந்தோஷத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. "அது குடகுல பெஞ்ச மழைப்பா" என்று செவ்வந்தி சொன்னாள். "குடகுல ஏன் பெஞ்சது? அதைச் சொல்லு" என்றார் இவர்.

பிறகு அவருக்கு ஒரு கணக்கே உண்டாகிவிட்டது. புள்ளி சூரியனின் ஓரத்தில் தோன்றும்; நாளுக்கு நாள் நகர்ந்து நடுவுக்கு வரும்; மறு ஓரம் போய் முதுகுப் பக்கம் மறையும். இது வரைக்கும் நிஜம்தான். இதற்கு மேல் அவராகச் சேர்த்துக்கொண்டது: புள்ளி நடுவில் நின்றால் மழை, முதுகுப் பக்கம் போனால் வெயில். பலித்தால் ஊருக்கே சொல்வார். பலிக்காத நாளில் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்டு என் தம்பி மகன் உளுந்தைக் காயப்போட்டு, அது நனைந்து, முளை விட்டு, அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் எல்லாரும் முளைகட்டின உளுந்தையே தின்றோம்.

என்னைக் கேட்டால் மழைக்குக் காரணமே வேறு. செவ்வந்திக்குச் சின்ன வயசிலிருந்து பச்சரிசி தின்கிற பழக்கம். புடைத்துக்கொண்டிருக்கும்போது முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிடுவாள். அரிசி தின்கிற பெண்ணின் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் எத்தனையோ பேர் கல்யாணத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் ஐயாவு சிரிப்பார்.

"அண்ணி, இது விஞ்ஞான காலம். அரிசிக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"புள்ளிக்கும் வானத்துக்கும் மட்டும் சம்பந்தமா தம்பி?"

"சூரியன் மேல இருக்கு. அரிசி கீழ இருக்கு."

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

இந்தச் சமயத்தில்தான் சீர்காழியிலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் பகலவன். பாலிடெக்னிக்கில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறார். அப்பா இல்லை, அம்மா செந்தாமரைதான் வளர்த்தவர். ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே, அந்தப் பெயருக்காகவே ஐயாவு பாதி சம்மதித்துவிட்டார். பெண் பார்க்க வந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்த பையனிடம், சம்பளம் கேட்கவில்லை, பழக்கவழக்கம் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சூரியப் புள்ளியால மழை வருமா, வராதா?"

பஜ்ஜி பாதியில் நின்றது. ஐயாவுவின் மனைவி அம்சம் என் கையைக் கிள்ளினாள். செவ்வந்தி உள்ளறை வாசலில் வந்து நின்றுவிட்டாள். ஒரே வார்த்தை, 'வரும்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பாக்கு வெற்றிலை மாற்றியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பொய் வரவில்லை.

"புள்ளி உண்மைதாங்க மாமா. பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவை கூடும், அப்புறம் கொறையும். அதனால நமக்கு வர்ற வெயில்ல உண்டாவுற வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். பல வருஷக் கணக்குல பாத்தா பூமியோட சூடு அதனால துளி ஏறும், துளி எறங்கும். ஆனா அதை வச்சு வர்ற வியாழக்கெழமை உங்க ஊர்ல மழையா வெயிலான்னு சொல்ல முடியாதுங்க."

"இப்ப வருஷா வருஷம் வெயில் ஏறிக்கிட்டே போவுதே? அது?"

"அது புள்ளியால இல்லீங்க. நாம எரிக்கிற பெட்ரோல், கரி, அந்தப் பொகையால."

ஐயாவு எழுந்து, அறைக்குள் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணி, இந்த எடம் வேண்டாம்."

"ஏன் தம்பி? பையன் தங்கமா இருக்கான்."

"நம்ம வீட்டுல உக்காந்து நம்ம பஜ்ஜியைத் தின்னுட்டே இல்லைங்கிறான்."

"துளி உண்டுன்னு சொன்னானே."

அவர் முகம் மாறியது. "சொன்னான்ல?" என்றார்.

அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினோம். அதற்குள் செவ்வந்தியே உள்ளே வந்து, "எனக்கு அவரைப் புடிச்சிருக்குப்பா. வேற யாரையும் கூட்டிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஐயாவுவும் பார்த்ததில்லை. சம்மதித்தார். ஆனால் மாப்பிள்ளை என்று வாயால் கூப்பிடவில்லை. 'வாத்தியார்' என்றுதான் சொல்வார். ஒரு நிபந்தனையும் போட்டார்.

"நாள் நான் குறிப்பேன்."

தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று செந்தாமரை போனில் சொல்லிப் பார்த்தார். தையில் ஊரே அறுப்பில் கிடக்கும், ஐப்பசிதான் தோது என்றார் ஐயாவு. ஐப்பசி அடைமழைக் காலம் ஆயிற்றே என்றால், புள்ளி முதுகுப் பக்கம் போயிருக்கிற நாளாகப் பார்த்து முகூர்த்தம் எடுத்துவிட்டேன் என்றார். சோசியரிடம் தேதியைச் சொல்லி, அதற்கு ஒரு நல்ல நேரம் மட்டும் கேட்டு வாங்கி வந்தார். அதோடு விட்டாரா? மண்டபம் வேண்டாம், மாரியம்மன் கோயில் திடலிலேயே கல்யாணம் என்றார். பந்தல்காரர் தகரக் கூரை போடட்டுமா என்று கேட்டார். "எதுக்குத் தகரம்? துணி போதும்" என்றார் இவர்.

பகலவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பேசவே நேரில் வந்தார். கையில் கிரகணம் பார்க்கிற அட்டைக் கண்ணாடி ஒன்று. "இதை வச்சுப் பாருங்க மாமா, கண்ணுக்கு நல்லது" என்று கொடுத்தார். பிறகு மெதுவாக, "மண்டபம் புடிச்சுடலாமே மாமா" என்றார். ஐயாவு கண்ணாடியை வாங்கிக்கொண்டார். மண்டபத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"வாத்தியாரே, அன்னைக்கு ஒரு சொட்டு விழுந்தா நான் ஐயாவு இல்ல."

பகலவன் செவ்வந்தியைப் பார்த்தார். செவ்வந்தி கூரையைப் பார்த்தாள். அவள் ஆசைப்பட்டதெல்லாம் பிடித்தவர் கையால் ஒழுங்காக ஒரு தாலி. அது இப்போது அப்பாவின் புள்ளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு காலையில் கொஞ்சம் அரிசி கடன் வாங்கலாம் என்று அம்சம் வீட்டுக்குப் போனேன். அரிசி டிரம்முக்குக் கொண்டி அடித்துப் பூட்டுத் தொங்கியது.

"என்னடி அம்சம், அரிசிக்குப் பூட்டு?"

"உங்க தம்பிதான்க்கா வைரக்கண்ணுவைக் கூட்டிட்டு வந்து மாட்டுனாரு. சாவி அவரு அரைஞாண் கயித்துல."

அந்த நேரம் பார்த்து ஐயாவு உள்ளே வந்தார். நான் பூட்டையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன்.

"எலி, அண்ணி" என்றார். "எலித் தொல்லை தாங்கல."

"பூட்டைத் தொறக்குற எலியா தம்பி?"

அவர் கொல்லைப் பக்கம் போய்விட்டார். அவ்வளவு பேசின விஞ்ஞானியின் இடுப்பில் அரிசிச் சாவி!

கல்யாணத்தன்று விடிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு வானத்தை ஐப்பசியில் நான் பார்த்ததே இல்லை. அலம்பி வைத்த வெண்கலத் தாம்பாளம் மாதிரி வெயில் அடித்தது. ஐயாவு பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பந்தல் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுப்பதற்கு முன்னால் அட்டைக் கண்ணாடியைக் கொடுத்தார். "பாருங்க, ஒரு புள்ளி இருக்கா? தொடச்சு வச்ச மாதிரி இல்ல?" நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

எல்லாரும் வந்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் வரவில்லை.

எங்கள் பக்கம் முதல் நாளே மாப்பிள்ளை அழைப்பு வைத்துவிடுவது வழக்கம். மண்டபம் என்றால் தங்க அறை இருக்கும். திடலில் எங்கே தங்குவார்கள்? அதனால் விடியற்காலையில் கிளம்பி வேனில் வருவதாக ஏற்பாடு. கூறைப் புடவையும் தாலியும் அவர்கள்தான் கொண்டுவர வேண்டும். பெண் வேறு புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு, பூசாரி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் போன் அடித்தது. பேசிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

"அப்பா, சீர்காழியில ராத்திரியிலேர்ந்து மழை கொட்டுதாம். வைத்தீஸ்வரன் கோயில் தாண்டி ரோட்டுல தண்ணி. வேன் நின்னு போச்சாம்."

"மழையா?" ஐயாவு அண்ணாந்து பார்த்தார். "எங்க மழை? வெயில் கொளுத்துது. வாத்தியாருக்குக் கல்யாணத்துல இஷ்டம் இல்லியா? அதான் சாக்கு சொல்றாரா?"

போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். பகலவன் கத்தினது எங்களுக்கும் கேட்டது.

"மாமா, நான் முழங்கால் தண்ணியில நிக்கிறேன்!"

"இங்க ஒரு மேகம் இல்லீங்களே!"

"இங்க ஒரே மேகம், மாமா!"

கூட்டம் சுற்றி நின்று அவர் முகத்தையே பார்த்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"ஏன் தம்பி, சீர்காழிக்கு வேற சூரியனா?"

ஐயாவு மறுபடி அண்ணாந்து பார்த்தார். இவ்வளவு நாளில் அந்தக் கேள்வி அவருக்கு வரவேயில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. செவ்வந்தி ஒன்றும் திட்டவில்லை. "முகூர்த்தம் போயிடும்ப்பா" என்று மட்டும் சொன்னாள். கண் மை கலங்கத் தொடங்கியிருந்தது.

அவ்வளவுதான். அட்டைக் கண்ணாடியை என் கையில் திணித்தார். "வைரக்கண்ணு, வண்டியை எடுடா!" என்றார். வைரக்கண்ணுவிடம் இருப்பது குட்டியானை என்று சொல்வோமே, அந்தச் சின்ன லாரி. யாரோ ஆர்டர் கொடுத்த ஜன்னல் கிரில்லெல்லாம் பின்னால் ஏற்றியபடியே இருந்தது. இறக்கவும் நேரமில்லை. அப்படியே கிளம்பிப் போய்விட்டார்கள்.

இங்கே நாங்கள் வெயிலில் வெந்துகொண்டு காத்திருந்தோம். நாதஸ்வரக்காரர் தெரிந்த எல்லாவற்றையும் வாசித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது குட்டியானை வந்து நின்றது. பின்னால் ஜன்னல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை. பக்கத்தில் குடை பிடித்தபடி செந்தாமரை. உறவுக்காரர்கள் நாலைந்து பேர். எல்லாரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். சுள்ளென்று அடிக்கிற வெயிலில் வண்டியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. முன்பக்கத்திலிருந்து இறங்கின ஐயாவுவின் பட்டு வேட்டி தொடையில் ஒட்டிக் கிடந்தது.

"வேனைத் தள்ளப் போனவரு, தள்ளாம நடுரோட்டுல நின்னு சூரியனைத் தேடுறாரு!" என்றான் வைரக்கண்ணு. "மாப்ளதான் கையைப் புடிச்சு வண்டியில ஏத்துனாரு."

செந்தாமரை பையைத் திறந்து கூறைப் புடவையை எடுத்தார். பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும். ஈரப் புடவையோடு பெண்ணை மணையில் உட்கார வைப்பதா? அம்சம் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஐயாவுதான் முதலில் அசைந்தார்.

"புடிங்க! ஆளுக்கு ஒரு மூலையா புடிங்க! நல்லா வெயில்ல காட்டுங்க!"

நாலு மூலைக்கு நாலு பெண்களாக நடுத்திடலில் புடவையை விரித்துப் பிடித்தோம். ஒரு பக்கம் காய்ந்ததும் "திருப்பு, திருப்பு" என்று அப்பளம் பொரிக்கிற மாதிரி அவர் சத்தம் போட்டார். அன்றைக்கு அந்தச் சூரியனால் எங்களுக்கு ஆன ஒரே உபகாரம் இதுதான்.

புடவையைப் பிடித்துக்கொண்டே செந்தாமரையிடம் கேட்டேன். "சம்பந்தி, உங்க புள்ள சின்ன வயசுல அரிசி திங்குமா?"

"அதை ஏன் கேக்குறீங்க? உலைக்கு விடமாட்டான். டவுசர் பாக்கெட் பூரா அரிசிதான்."

"பாத்தீங்களா!" என்றேன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இங்க அரிசியைப் பூட்டி வச்சோம், மழை இல்ல. அங்க பூட்டல, கொட்டுது. மாப்ள பின்னால சுத்துது மழை."

பூசாரியின் வேட்டியைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு நின்ற பகலவன் மெதுவாகச் சொன்னார். "அத்தை, அதுக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுங்க."

"துளிகூடவா இருக்காது?"

அவர் செவ்வந்தியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். புத்திசாலிப் பிள்ளை, வாயை மூடிக்கொண்டார்.

அப்போது கீழண்டைப் பக்கம், தென்னை மரங்களுக்கு மேல், ஒரு கறுப்பு தெரிந்தது. ஐயாவு அதைப் பார்த்தார். என் இடுப்பில் செருகியிருந்த அட்டைக் கண்ணாடியை அவர் கேட்கவில்லை. நேராக மாப்பிள்ளையிடம் போனார்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"சரியாத் தெரியாதுங்க மாமா. காத்து கெழக்கேர்ந்து வருது. நம்ம பின்னாடியே வந்துட்டு இருக்கு. சீக்கிரம் முடிச்சா நல்லது."

"தெரியாதா?"

"தெரியாதுங்க."

லஸ்கராக இருந்த காலமெல்லாம் ஐயாவு ஊருக்குச் சொன்ன அதே பதில். ஐயாவு எங்கள் பக்கம் திரும்பினார்.

"புடவை காஞ்சது போதும்! செவ்வந்தியைக் கூப்பிடுங்க! மாப்ள, நீங்க போய் உக்காருங்க!"

முந்தானை ஈரம் போகாமலேதான் செவ்வந்தி கட்டிக்கொண்டு வந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. பகலவன் மூன்றாவது முடிச்சைப் போட்டுக் கையை எடுக்கவும், பந்தல் துணியில் பொட்டுப் பொட்டென்று சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. இதை எனக்கு எதிராகச் சிலர் சொல்வார்கள். தாலி ஏறின பிறகு பெய்கிற மழை கல்யாண மழை ஆகாது. அது வெறும் மழை. அரிசிக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

பிறகு கொட்டியதே ஒரு கொட்டு! ஜனம் கோயில் மண்டபத்துக்குள் ஓடியது. பெண்ணும் மாப்பிள்ளையும் மணையை விட்டு எழ முடியாமல் மாலையோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் துணிப் பந்தல் தண்ணீர் தேங்கித் தொந்தி போட்டுத் தொங்கியது. ஐயாவு ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு அதைப் பக்கவாட்டில் தள்ளினார். மகள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. மொத்தத் தண்ணீரும் ஓரத்தில் நின்ற செந்தாமரையின் தலையில் போய்க் கொட்டியது.

"சம்பந்தி!" என்று அலறினார் அந்த அம்மாள்.

ஐயாவு கழியை விடவில்லை. அடுத்த தொந்திக்குப் போனார். அதையும் தள்ளினார். நான் ஒரு தட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அவர் முணுமுணுத்தார்.

"மண்டபம் புடிச்சிருக்கலாம்."

அப்படிச் சொல்லவேயில்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறார். சொன்னார். எனக்கு எழுதப் படிக்கத்தான் தெரியாது. காது நன்றாகக் கேட்கும்.